அசனத்துச் சாம்பாரும் மூன்றாம் ஓலையும்

ராஜபாளையம்,
வெள்ளிக்கிழமை மதியம்.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான மருமகள் ஹெப்சிபாவுக்கு, தென்காசி ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை நடத்தி ஜில்லா முழுவதும் நற்பெயர் பெற்ற உன் தாய்மாமன் பரிபூரணம் ஸ்தோத்திரம் கூறி எழுதுவது. இவ்விடம் நான், உன் அத்தை, கடையில் கிடக்கும் பதினோரு மோட்டார்கள் யாவும் ஆண்டவர் கிருபையால் சுகம். அவ்விடம் கோயம்புத்தூரில் நீயும் உன் வார்டில் படுத்திருக்கும் நோயாளிகள் யாவரும் பூரண சுகம் பெற அனுதினமும் ஜெபிக்கிறேன். நோயாளி எல்லாரும் சுகமாகிவிட்டால் பிள்ளைக்கு வேலை போய்விடுமே என்கிறாள் உன் அத்தை. அவளுக்கு விசுவாசம் கொஞ்சம் குறைவு.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் நீ "மாமா, டூட்டி" என்று வைத்துவிடுகிறாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அதை ரெண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று உன் அம்மா உன் அத்தையிடம் சொல்லியிருக்கிறாள். கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது பார். மேலும் நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று சிலர் பேசுவதற்கு இந்தக் கடிதமே பதில். எட்டாம் வகுப்பை நான் மூன்று வருஷம் படித்தேன். கூட்டிப் பார், பத்து வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்கும் சிவகாசி கௌதம்ராஜுக்கும் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்த அன்று நீ போனில் சொன்னது என் காதில் இன்னும் அப்படியே நிற்கிறது. "மாமா, மூணாம் ஓலை வாசிக்கிற ஞாயித்துக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில்ல திருவிருந்து இருக்கு. அன்னைக்கு நீங்களும் அப்பாவும் ஒரே வரிசையில முழங்கால்போடணும். போட்டா, கல்யாணத்தன்னைக்கு ஆளுக்கொரு பக்கம் என் கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போங்க. இல்லைன்னா ரெண்டு பேரும் வேண்டாம். நான் தனியா நடந்து போய்க்கிடுவேன்." இப்படிச் சொல்லிவிட்டு டூட்டி என்று வைத்துவிட்டாய். நீ பிறந்தபோது உன்னை முதல்முதலில் கையில் வாங்கியவன் நான். நீ தனியாக நடந்து போவதாம், நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதாம். அன்று ரெண்டு இட்லிக்கு மேல் எனக்கு இறங்கவில்லை.

உன் அப்பா ஞானசிகாமணிக்கும் எனக்கும் ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாததன் காரணத்தை உன் அம்மா சொல்லித்தான் நீ கேட்டிருப்பாய். அப்போது நீ நர்சிங் ஹாஸ்டலில் இருந்தாய். உண்மைச் சரித்திரத்தை நான் சொல்லுகிறேன், கேள். நம் கோயில் பண்டிகை அசனம். மொத்தம் ரெண்டாயிரம் பேர் பந்தியில். சாம்பார் அண்டா மட்டும் ஒரு கிணறு அகலம். நம் சபையில் ஒரு முறைமை உண்டு, உனக்கே தெரியும், அசன அடுப்பில் யார் ஜெபம் பண்ணி ஆமென் சொல்லுகிறார்களோ அவர்கள்தான் சாம்பாருக்கு உப்புப் போட வேண்டும். என் அப்பா போட்டார், அவருக்குப் பிறகு நான். ராஜபாளையத்தில் கடை வைத்த பிறகும் அசனத்தன்று உப்புக்கு நான் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடுவேன். அன்றும் அண்டா கொதி வரும் நேரம் எல்லாரும் கண்ணை மூடினார்கள், நான் ஜெபத்தை ஆரம்பித்தேன். ஆவியில் நிறைந்து ஜெபித்துக்கொண்டிருக்கும்போது, உன் அப்பா பக்கத்தில் நின்று, சத்தமில்லாமல் நாலு சிரட்டை உப்பை அள்ளிச் சாம்பாரில் போட்டுவிட்டார். நான் கண்ணை இறுக மூடியிருந்தவன், எனக்கென்ன தெரியும்? ஆமென் சொல்லி, முறைமைப்படி நாலு சிரட்டை உப்பை நானும் போட்டேன். முதல் பந்தியில் உட்கார்ந்த நம் சபையின் போதகர் ஐயர் ஒரு வாய் வைத்தார். அப்படியே தண்ணித் தம்ளரைத் தேடினார். அந்தப் பந்தி முழுசும் தண்ணித் தம்ளரைத் தேடிச்சு.

யார் போட்டதுன்னு கேட்டாவ. உன் அப்பா ஒளிக்கல, "நான் போட்டேன், மச்சான் ஜெபத்துல இருந்தாவ"ன்னாரு. நான் விடுவேனா? "கர்த்தர் சமூகத்துல கண்ண மூடி நிக்கவனுக்குத் தெரியாம உப்புப் போடுத கை என்ன கை?"ன்னு கேட்டேன். அதுக்கு அவர் அம்புட்டு சனத்துக்கு முன்னால, "ஒங்க ஜெபத்துக்கு ஒரு முடிவுன்னு ஒண்ணு இருந்தா நான் ஏன் மச்சான் போடுதேன்? கொதி வந்து பொங்கிட்டுல்லா"ன்னாரு. பந்தி சிரிச்சிச்சு. ஐயரம்மாவும் முந்தானைய வாயில வச்சுக்கிட்டாவ. அன்னைக்குத் தோளுல போட்ட துண்டோட ராஜபாளையம் பஸ் ஏறினவன்தான். பொறவு நான் ராஜபாளையத்துக் கோயில்லதான் ஆராதனைக்குப் போறேன். இங்கேயும் திருவிருந்து நாள் வந்தா, எல்லாரும் முன்னால போகையில நான் வெளிய போய் ஜெனரேட்டரப் பாத்துக்கிட்டு நிப்பேன். மனசுல ஒருத்தன் மேல கசப்ப வச்சுக்கிட்டு அந்த அப்பத்துல கை வைக்கப்பிடாதுன்னு எனக்குத் தெரியும், நான் வேதம் படிச்சவன். ஆறு வருசமா அந்த ஜெனரேட்டர் மாதிரி நல்லாப் பராமரிச்ச ஜெனரேட்டர் தமிழ்நாட்டுலயே கிடையாது.

இப்ப ராஜபாளையத்துக்குப் புதுசா ஒரு ஐயர் வந்திருக்காரு. வயசு குறைவு, தாடி வேற. போன ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல என்னையவே பாத்துப் பேசினாரு. விசுவாசம்னா ஞாயித்துக்கிழமை வெள்ளைச் சட்டை இல்ல, திங்கக்கிழமை ரேசன் கடை வரிசையில, பட்டறையில, பக்கத்து வீட்டுக்காரனோட சண்டையில அது வெளிய தெரியணும்னாரு. நான் அம்புட்டு பலமாத் தலையாட்டினேன், பின்னால இருந்தவருக்குப் பிரசங்கியாரே தெரியலையாம். ஆராதனை முடிஞ்சு வாசல்ல கை குடுக்கையில, "ஜெனரேட்டருக்கு இனிமே ஒண்ணும் ஆகாதுல்ல, அண்ணாச்சி?"ன்னு மெதுவாக் கேட்டாரு. நான் ஒரு வருசம் காரண்டின்னு சொல்லிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்தபொறவுதான் அவர் கேட்டது வேறன்னு புரிஞ்சுது. சரி, வாரம் முழுசும் பிரசங்கத்தை அப்படியே வாழ்ந்து காட்டிருவோம், அது முடிஞ்சதும் உன் அப்பா விஷயத்தைப் பாக்கலாம்னு முடிவு பண்ணினேன்.

திங்கக்கிழமை ஆரம்பிச்சேன். ஒருத்தன் ஒரு மைல் கூப்பிட்டா நீ ரெண்டு மைல் போன்னு வேதத்துல இருக்கு. தேவதானத்துச் சோலைச்சாமி மோட்டார எடுக்க வந்தாரு. பட்டாளத்துல இருபது வருசம் இருந்து வந்து விவசாயம் பாக்க ஆளு, ஒரு வார்த்தையக் கூட்டியும் சொல்ல மாட்டாரு, குறைச்சும் சொல்ல மாட்டாரு. "ஒரு கை பிடிச்சு வண்டியில ஏத்து"ன்னாரு. நான் ஏத்தினதோட நிக்காம அவர்கூடவே தேவதானம் போயி, கிணத்துல இறங்கி, மோட்டார மாட்டி, தண்ணி பாய வச்சுட்டேன். அது மொத மைல். ரெண்டாவது மைலுக்கு, ஏழு மைல் தள்ளி இருந்த இருளப்பசாமி தோப்புக்கு நடந்தே போயி, யாரும் கூப்பிடாமலே அந்த மோட்டாரையும் கழத்தித் தொடச்சு மாட்டினேன். அது அதுவரைக்கும் நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு. பொறவு ஓடல. இருளப்பசாமி வரப்புல ஓடி வந்து, "ஓடுத மோட்டார ஏம்யா கழத்துன?"ன்னாரு. "அன்புல"ன்னேன். அவருக்கு அது புரியல. செவ்வாய்க்கிழமை காலையில திரும்பப் போய் ஓட வச்சுக் குடுத்துட்டுத்தான் கடையத் தொறந்தேன். ஆக மூணு மைலும் ஆச்சு.

செவ்வாய்க்கிழமை உண்மை பேசுத நாள். உள்ளதை உள்ளதுன்னும் இல்லாததை இல்லைன்னும் சொல்லணும், அவ்வளவுதானேன்னு ஆரம்பிச்சேன். எங்க தொழில்ல ஒரு சொல்லு உண்டு, "நாளைக்கு". மோட்டார் எப்பக் கிடைக்கும்னு கேட்டா நாளைக்குன்னு சொல்லணும். அது பொய் கிடையாது, ஒரு மரியாதை, வீட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு சொல்லுத மாதிரி. அன்னைக்கு அதை விட்டுட்டேன். கேட்டவங்ககிட்ட எல்லாம், "இன்னும் ஒங்க மோட்டாரத் தொடவே இல்ல, அடுத்த வாரம்தான்"னு சொன்னேன். ஒருத்தர் என் நெத்தியத் தொட்டுப் பாத்தாரு. இன்னொருத்தர் கடைய விக்கப்போறேனான்னு கேட்டாரு. ரெண்டு பேரு மோட்டாரத் தூக்கிக்கிட்டு எதிர்த்த கடைக்கே போயிட்டாவ. அங்க "நாளைக்கு"ன்னு சொன்னாங்களாம், நிம்மதியாக் குடுத்துட்டுப் போனாவ. கான்சாபுரத்து மகாலட்சுமின்னு ஒரு அம்மா, தனியா நின்னு வெள்ளாமை பாக்கவ, அவிககிட்ட மட்டும் "வெள்ளிக்கிழமை"ன்னு சொன்னேன். மறுநாள் போன் பண்ணுதாவ. "அண்ணே, வெள்ளிக்கிழமைன்னியளே, நெசமாவா? நான் நம்பி நடவுக்கு ஆள் சொல்லிட்டேன். நாளைக்குன்னு சொல்லியிருந்தா அடுத்த மாசம்னு எனக்கே தெரியும்." எனக்கு வேர்த்துட்டு. இந்தக் கடுதாசிய எழுதிக்கிட்டு இருக்கையில அந்த மோட்டாருக்குத்தான் வார்னிஷ் காயுது. காய்ஞ்சதும் மாட்டி, சாயந்தரம் நானே கொண்டு போறேன்.

புதன்கிழமை பக்கத்து டீக்கடை மாரிக்கனிகிட்ட இந்தப் பெருமையெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன். சோலைச்சாமியும் டீக்கு வந்திருந்தாரு. மாரிக்கனி கிளாசக் கழுவிக்கிட்டே, "ஏண்ணே, ஒங்க அன்பு தேவதானத்து மோட்டார் வரைக்கும் போயிருக்கு. தங்கச்சி மாப்பிள்ளை இருக்க ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னெண்டு கிலோமீட்டருதான?"ன்னா. எனக்கு டீ புரையேறிட்டு. "போகணும்மா, நாளைக்குப் போகணும்"னேன். அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே! "எந்த நாளைக்குண்ணே? மோட்டாருக்குச் சொல்லுவியளே, அந்த நாளைக்கா?" சோலைச்சாமி டீ கிளாச வச்சுட்டு ஒரே வார்த்தை சொன்னாரு. "காலையில எட்டு மணிக்கு வண்டியில ஏறு."

நேத்து எட்டு மணிக்கு வண்டி வந்து நின்னுட்டு. நான் வெறுங்கையோடயா போவேன்? நம்ம ஊரு சப்பட்டை மாம்பழம், ஒவ்வொண்ணையும் மோந்து பாத்துப் பொறுக்கி ஒரு பை நெறைய வாங்கிக்கிட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக் கதவ உன் அம்மா தொறந்தா, என்னையப் பாத்தா, சாத்திட்டா. திரும்பத் தொறந்தா. "அண்ணே, வழி தெரிஞ்சுதா?"ன்னா. உன் அப்பா செண்பகத்தோப்பு வனத்துறை செக்போஸ்ட்ல டூட்டியில இருக்காருன்னு சொன்னா. டூட்டிங்கத வார்த்தை ஒனக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. சரி, மலையடிவாரத்துக்கே போவோம்னு போனோம். வழியில ஒத்தை யானை ஒண்ணு ரோட்டோரம் நின்னு என்னையவே பாத்துச்சு. நான் மனசுக்குள்ள ஜெபம் பண்ணினேன், அது அசையவே இல்ல.

செக்போஸ்ட்ல முத்துப்பாண்டின்னு ஒரு வாட்சர், மீசைய முறுக்கி விட்டுக்கிட்டு நோட்டத் தொறந்தாரு.

"பேரு?"

சொன்னேன்.

"யாரப் பாக்கணும்?"

உன் அப்பா பேரு ஆறு வருசமா என் வாயில வராத பேரு. "ஞானசிகாமணி"ன்னேன்.

"வந்த நோக்கம்?"

நான் சோலைச்சாமியப் பாத்தேன். அவர் மலையப் பாத்தாரு. "சமாதானம்"னேன். முத்துப்பாண்டி பேனாவ எடுத்துக்கிட்டு, "இங்க சண்டை எதுவும் நடக்கலையேய்யா"ன்னாரு. "இனிமே நடந்தாலும் நடக்கும், எழுதிக்கோ"ன்னாரு சோலைச்சாமி. எழுதிக்கிட்டாரு. நோட்டுல இருக்கு, நீ வேணும்னா போய்ப் பாரு.

உன் அப்பா உள்ள இருந்து வந்தாரு. காக்கிச் சட்டையில தலை நல்லா நரைச்சுப் போச்சு ஏட்டி அவருக்கு, நீ சொல்லவே இல்லையே. என்னையப் பாத்து நின்னாரு. நான் வழியெல்லாம் பேசிப் பாத்துட்டு வந்த வார்த்தை அம்புட்டும், அந்தப் பிரசங்கம் மாதிரி ஒரு பேச்சு, எங்க போச்சுன்னே தெரியல. "மாப்ள, பழம்"னேன். அவர் பைய வாங்கிப் பாறை மேல வச்சாரு. முத்துப்பாண்டி டீ போடப் போனாரு. மூணு பேரும் பாறையில உக்காந்து மாம்பழப் பையவே பாத்துக்கிட்டு இருந்தோம். சோலைச்சாமிதான் பொறுக்கமாட்டாம, "ரெண்டு பேரும் ஒரே சாமியத்தான கும்பிடுதிய? அந்தச் சாமி ரெண்டு பேருகிட்டயும் வேற வேற கதையா சொல்லியிருக்கு?"ன்னாரு.

அப்ப உன் அப்பா சொன்னாரு. தலை நிமிராம சொன்னாரு. "மச்சான், அன்னைக்கு ஒங்ககிட்டச் சொல்லாம உப்ப நான் போட்டிருக்கப்பிடாது. கொதி வந்துட்டேன்னு போட்டுட்டேன். அதவிட, சபையில வச்சு ஒங்க ஜெபத்தைப் பத்தி அப்படிப் பேசியிருக்கவே கூடாது. அன்னைக்கு ராவே எனக்குத் தெரியும். வந்து சொல்ல மனசு வரல. என்னைய மன்னிச்சிருங்க."

மருமகளே, பேரிங்கு சிக்கி நின்ன மோட்டார், தட்டிக் குடுத்ததும் சுத்தும் பாரு, அப்படி இருந்துச்சு எனக்கு. நான் எந்திரிச்சு நின்னு, வலது கைய ஒசத்தி, பேராயர் மாதிரி, "மாப்ள, நான் உங்கள முழு மனசோட மன்னிச்சுட்டேன். இனிமே அதை நினைக்கவே மாட்டேன்"னு சொன்னேன். சோலைச்சாமி கண்ணே கலங்கிட்டு. அவர் தூசின்னு சொல்லுதாரு. ஒரு ஜெபம் பண்ணிக்கிடுவோம்னு உன் அப்பாவே சொன்னாரு, "நீங்களே பண்ணுங்க மச்சான்"னாரு. அந்தப் பெருந்தன்மையப் பாரு! எல்லாரும் கண்ண மூடினோம். நான் ரொம்பச் சுருக்கமா, ஒரு நிமிசத்துல முடிச்சேன். அந்த ஒரு நிமிசத்துக்குள்ள நாப்பது குரங்கு இறங்கிட்டு. பெரிய கடுவன் ஒண்ணு, காது கிழிஞ்சது, முதல்ல மேல இருந்த ரெண்டு பழத்தையும் எடுத்து மோந்து பாத்து ஒண்ணக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, பையோட காதப் பிடிச்சு இழுத்துச்சு. ஒரு குட்டி உன் அப்பா தொப்பியத் தொட்டுப் பாத்துட்டு ஓடிட்டு. நான் ஆமென் சொல்லுதுக்கும் பை மரத்து மேல போறதுக்கும் சரியா இருந்துச்சு. கண்ணத் தொறந்தா பாறையில ஒரு பழம்கூட இல்ல. எல்லாரும் சிரிச்சோம். நான் கடுவன் எடுத்த விதத்தை நடிச்சே காட்டினேன். உன் அப்பா கேட்டுக்கிட்டே இருந்துட்டு, என்னையச் செத்த நேரம் பாத்தாரு. "சரி மச்சான்"னாரு. அவ்வளவுதான்.

ஆகவே மருமகளே, உன் மாமன் சொன்னபடி சமாதானத்தை ஸ்தாபித்துவிட்டான். நாளை மறுநாள் மூன்றாம் ஓலைக்கு நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயிலில் உன் அப்பாவின் பக்கத்தில் முழங்கால்படியிடுவேன். கல்யாணத்தன்று உன் வலது கை எனக்கு. உன் அப்பாவிடம் இடது கையைக் கொடு. மன்னித்தவன் நான்தானே. இந்தச் சம்பவத்தை நம் கோயிலில் சாட்சியாகச் சொல்லும்படி ஐயர் கேட்டுக்கொண்டால் நான் மறுக்கப் போவதில்லை. மாப்பிள்ளை கௌதம்ராஜுக்கு என் ஆசீர்வாதம். மலை பெயர்ந்தாலும் உங்கள் வீட்டில் சிரிப்பு பெயராதிருக்கவும், உன் அடுப்பில் வைத்ததெல்லாம் ருசியாக இருக்கவும் வேண்டி, எங்கள் ஜெபத்தில் உன்னை நினைக்காத நாள் இல்லை.

இப்படிக்கு,
உன் அன்பு மாமன்,
த. பரிபூரணம்.

பின்குறிப்பு: சனிக்கிழமை காலை. நேத்தே, உறையில போட்டு ஒட்டுததுக்கு முன்னால கடுதாசிய ஒரு தடவ வாசிச்சுப் பாத்தேன். குரங்கு வார இடத்துல நின்னுட்டேன். கண்ண மூடி ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தவனுக்குக் கடுவனோட காது கிழிஞ்சிருந்தது எப்படித் தெரியும்? குட்டி தொப்பியத் தொட்டது எப்படித் தெரியும்? நீ நர்சு, ஒனக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். உன் அப்பாவுக்கு வியாழக்கிழமையே தெரிஞ்சிட்டு. அந்த "சரி மச்சான்" ரெண்டு நாளாக் காதுல கிடக்கு.

எனக்கு ஜெபத்துல ஒரு கண்ணு தொறந்துரும், இடது கண்ணு, சின்னதுல இருந்தே. சனம் உருக்கமாக் கேக்காவளான்னு பாக்கதுக்கு. அசனத்தன்னைக்கும் தொறந்துதான் இருந்துச்சு. உன் அப்பா உப்பு போட்டதைப் பாத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு சிரட்டைய எண்ணவும் செஞ்சேன். ஆமென் சொல்லிட்டு ஒரு சிரட்டை சும்மா பேருக்குப் போட்டுட்டு நிறுத்திரலாம்னுதான் எடுத்தேன். எல்லாரும் என் கையவே பாத்தாவ. உப்பு எங்க அப்பா எனக்கு விட்டுப் போன உரிமை, பாக்காவளேன்னு நாலும் போட்டுட்டேன். ஆக, சாம்பாரக் கெடுத்தது உன் அப்பா இல்ல. தெரியாம போட்டவரு அவரு, தெரிஞ்சு போட்டவன் நான். அதுக்கு ஆறு வருசம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, கடைசியில அவர மன்னிப்புக் கேக்க வச்சு, கைய ஒசத்தி மன்னிச்சும் குடுத்துருக்கேன். செவ்வாய்க்கிழமை ஊரெல்லாம் உண்மை சொன்னேன்னு மேல எழுதியிருக்கேன் பாரு. அந்தப் பக்கத்தக் கிழிச்சிரலாம்னு பாத்தேன். கிடக்கட்டும்.

நேத்து சாயந்தரம் சோலைச்சாமி வண்டியில மகாலட்சுமி மோட்டாரக் கொண்டுபோய்க் குடுத்தேன். சொன்ன நாள்ல குடுத்துட்டியளேன்னு அந்த அம்மா ஒரு செம்பு மோரு குடுத்தாவ. வர வழியில சோலைச்சாமிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "எனக்கு செக்போஸ்ட்லயே தெரியும்லே, நான் ஒங்க ஆளு இல்லையே, நான் கண்ணையே மூடல, ஒன் கண்ணப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்"னாரு. "அப்ப ஏன் சொல்லல?" "அது நீ சொல்ல வேண்டியது."

அதனால இந்தக் கடுதாசிய நான் போஸ்ட்ல போடல. இப்பப் பஸ் ஏறி நானே கொண்டு வாரேன். உன் அம்மா கையில குடுத்துட்டுச் செண்பகத்தோப்புக்குப் போறேன். நீ கோயம்புத்தூர்ல இருந்து ராத்திரி வந்து வாசிச்சுக்கோ. சோலைச்சாமியும் கூட வாராரு. நான் கேக்கவே இல்ல, அவராவே, "நீ தனியாப் போனா கூட்டிச் சொல்லுவ"ன்னு வண்டியில வந்து நிக்காரு. பஸ்ஸு வேண்டாங்காரு. உனக்கு முன்னாலயே திருத்திருதேன்: அசனத்துல முன்னூத்தம்பது பேருதான். இருளப்பசாமி தோப்பு அடுத்த வரப்பு. ரோட்டோரம் நின்னது யானை இல்ல, பாறை. குரங்கு மூணு. என் ஜெபம் பதினோரு நிமிசம், சோலைச்சாமி வாட்ச்சுல பாத்தாரு. எட்டாம் வகுப்பு மூணு வருசம்கிறது மட்டும் நெசம், ஆனா அது பத்து ஆகாது.

முத்துப்பாண்டி நோட்டுல இன்னைக்கு வந்த நோக்கம்னு கேட்டா "மன்னிப்புக் கேக்க"ன்னு சொல்லப் போறேன். உன் அப்பா என்ன சொல்லுவாரோ தெரியல. மன்னிக்க மனசு இல்லைன்னு சொன்னாலும் அது அவர் நியாயம். உன் வலது கைய அவருக்கே குடு. நாளைக்கு, இது மோட்டார்க்காரன் நாளைக்கு இல்ல, நெசமான நாளைக்கு, நான் கோயிலுக்கு வருவேன், முன்னால போய் முழங்கால்போடுவேன். ரெண்டு கண்ணையும் இறுக மூடிக்கிடுதேன்னு ஆண்டவருக்கு வாக்குக் குடுத்துட்டேன். அதனால பக்கத்துல உன் அப்பா வந்து முழங்கால்போட்டாரா இல்லையான்னு என்னால பாக்க முடியாது. நீ பாத்துச் சொல்லு.